தேவலோகத்துக்கு ஏணி இல்லை

போன வாரம் நான் தேவலோகத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

பதற வேண்டாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் தேவலோகம் டிராக்டரில் வரும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஆடி மாதம் ஒரு சாயங்காலம் கடைவீதி வழியாக ஊர்ந்து போகும். நான் அதன் மட்கார்டில் உட்கார்ந்து மைக் பிடித்துக்கொண்டு போனேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் பத்தி முழுக்கப் பெருமைதான். என் பெண்ணைப் பற்றிய பெருமை. அப்பன்கள் பெருமை அடித்துக்கொள்வது பிடிக்காதவர்கள் தாராளமாகப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் மாரியம்மன் பண்டிகையில் 'வண்டி வேடிக்கை' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தெருக்காரர்களும் ஒரு வண்டியை ஜோடிப்பார்கள். அதன்மேல் புராணக் காட்சி ஒன்றை நிறுத்துவார்கள். பொம்மைகளை வைத்து அல்ல, ரத்தமும் சதையுமான ஆட்களை வைத்து. நேற்று வரை பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டவர் இன்று கிரீடம் வைத்துக்கொண்டு மேலே நிற்பார். கீழே நாம் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

நிற்பார் என்றால் சும்மா இல்லை... அசையாமல் நிற்பார். அசைந்தால் மார்க் போச்சு. ஊர்வலம் முடிகிற இடத்தில் மேடை போட்டு நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்த வண்டி சிறந்தது என்று பரிசு கொடுப்பார்கள்.

எங்கள் தெரு அந்தப் பரிசை வாங்கிப் பல வருஷம் ஆகிறது. பக்கத்துத் தெரு விடாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கினால் வாங்கட்டும். ஆனால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். அவர்களுக்கு அது சுற்று வழி. இருந்தாலும் போவார்கள்!

வயிறு எரியாதா?

எரிந்தவர்களில் முதல் ஆள் பழனி. திருச்செங்கோட்டுக்காரர். சேலத்துக்கு வந்து, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் தெரு வண்டிக்கு எஞ்சினியர், டைரக்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் அவர்தான். ஆடி பிறந்தால் பட்டறையில் லாரி வேலையை ஓரங்கட்டிவிட்டு வண்டி வேலையில் இறங்கிவிடுவார். தங்கமான மனுஷன். கதையில் இவர் கொஞ்சம் வில்லன் மாதிரி தெரியப்போகிறார், அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இந்த வருஷம் அவர் தேர்ந்தெடுத்த காட்சி தேவலோகம். வெள்ளை யானை, கற்பக மரம், சிம்மாசனத்தில் இந்திரன், சுற்றிலும் தேவர்கள், மேகத்தில் மிதக்கும் தேவகன்னிகள். ஆட்டோ ஓட்டும் பிரகாஷ்தான் இந்திரன். மீசைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் பெண் கயல், ஒரு தேவகன்னி. என்னை மட்டும் விடுவார்களா? "எழுதறவரு சும்மா இருக்கலாங்களா? நீங்கதான் அண்ணா மைக்குல தேவலோகத்தைப் பத்திப் பேசோணும்" என்றார் பழனி. நானும் பெருமையோடு தலையாட்டினேன்.

இதற்கு நடுவில் கயலுக்குப் பரீட்சை வேறு. இலட்சிய சமுதாயம், அதற்கு நேர் எதிரான சமுதாயம் என்று ஒரு பாடம். யுடோபியா, டிஸ்டோபியா. எங்கள் வீட்டில் ராத்திரி தோசைக்கு நடுவில்தான் எல்லாப் பாடமும் நடக்கும். அவள் அம்மா மலர் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள், அது என்னடி ரெண்டு பியா என்று.

கயல் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"யுடோபியான்னா எல்லாம் சரியா இருக்கற ஊரும்மா. டிஸ்டோபியான்னா, எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு எல்லாரும் சொல்லியே ஆகவேண்டிய ஊரு. வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

டிஸ்டோபியா என்றால் இடிந்த கட்டடம், இருட்டு, துப்பாக்கி, பசி — இப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தானே? கயல் இல்லை என்றாள். அநேகமாக எல்லா டிஸ்டோபியாவும் யாரோ ஒரு நல்ல மனுஷனின் ஆசையில்தான் ஆரம்பிக்கிறதாம். சுத்தமாக இருக்கும். ஒழுங்காக இருக்கும். சத்தமே இருக்காது. அந்த ஒழுங்குக்காக யார் எதை விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது மட்டும் வெளியே தெரியாதாம்.

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல உங்க ஊடு அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் மலர். அவளுக்குப் பிறந்த ஊர் திருச்செங்கோடு பக்கம். கோபமோ கிண்டலோ வந்தால் வீடு 'ஊடு' ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் அப்போது யாருமே ஒரு குறையும் சொன்னதில்லையே என்று நான் அப்பாவியாகக் கேட்டேன். அதைத்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையைத் தட்டில் போட்டாள்.

பரீட்சைக்கு இதையே எழுது, மார்க் வரும் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். புத்தகப் பாடம் புத்தகத்தோடு சரி என்று நினைக்கும் கோஷ்டி நான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

தேவர்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது, தெரியுமா? புராணம் சொல்கிறது: அவர்களுக்குக் கண் இமைக்காது. வியர்க்காது. போட்டிருக்கும் மாலை வாடாது. கால் தரையில் படாது. இதை நான்தான் பேச்சுவாக்கில் பழனியிடம் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது!

அவர் பிடித்துக்கொண்டார். இதுவரைக்கும் எந்தத் தெருவும் இதைச் செய்ததில்லை, நாம் செய்வோம் என்றார். சட்டங்கள் வர ஆரம்பித்தன.

நடுவர் மேடைக்கு முன்னால் யாரும் கண் இமைக்கக் கூடாது. வியர்க்கக் கூடாது என்பதால் மேகத்துக்குள் குட்டி ஃபேன்கள், முகத்தில் அரை இஞ்ச் பவுடர். மாலை வாடக் கூடாது என்பதால் எல்லாம் பிளாஸ்டிக் பூ. கால் தரையில் படக் கூடாது என்பதற்கு அவர் செய்த வேலைதான் வேலை. டிரெய்லரில் இரும்புப் பைப்புகளை நட்டு வெல்டிங் அடித்தார். ஒவ்வொரு பைப்பிலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் தேவர் நிற்க வேண்டும். பழைய லாரியிலிருந்து கழற்றிய சீட் பெல்ட்டால் இடுப்பைப் பைப்போடு சேர்த்துக் கட்டி, மேலே பட்டுத்துணியைச் சுற்றிவிட்டால் முடிந்தது. சுற்றிலும் பஞ்சு மேகம். முன்னால் இருந்து பார்த்தால் அந்தரத்தில் மிதப்பது போலவே இருக்கும். ஒத்திகையின்போது பார்த்து நானே அசந்துபோனேன்.

பின்னால் இருந்து பார்த்தால்? ஜெனரேட்டர், ஒயர், பைப், பெல்ட். ஆனால் பின்னால் இருந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

இன்னொரு சட்டமும் உண்டு. மத்தியானத்துக்கு மேல் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் நடுவில் பாத்ரூம் என்பார்கள். இறங்க வேண்டும் என்பார்கள். தேவலோகத்தில் பாத்ரூமுக்கு எங்கே போவது? பழனி இதைக் கடுமையாக எல்லாம் சொல்லவில்லை. தெருவுக்காக ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக் கேட்டார். எல்லோரும் சரி என்றார்கள். சரி என்று சொல்லாமல் இருக்க முடியாதபடி கேட்பதில் எங்கள் பக்கத்து ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே, கற்பக மரத்தின் உச்சிக்குப் பக்கத்தில், கையில் மாலையோடு மிதக்கும் தேவகன்னிதான் காட்சிக்கே உயிர். அந்த இடத்துக்கு யார்? அதிக நேரம் அசையாமல் நிற்க வேண்டுமே? பழனி யோசிக்கவே இல்லை. எங்கள் தெரு மீனா என்றார்.

மீனா பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேல்ஸ் கேர்ள். கலகலப்பான பெண். காலை கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை புடவை செக்ஷனில் நின்றுகொண்டேதான் இருப்பாள். "அந்தப் புள்ளைக்கு நின்னு பழக்கமுங்க. நமக்குன்னா கால் கடுக்கும், அதுக்குக் கடுக்காது" என்றார் பழனி. கமிட்டியில் நாங்கள் அத்தனை பேரும் ஆமாம் என்று தலையாட்டினோம்.

நின்று பழகியவளுக்குக் கால் வலிக்காது! யோசித்துப் பாருங்கள், எங்கள் லாஜிக்கை. அன்று ஒருவருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

ஊர்வல நாள் வந்தது. ஆடித் தள்ளுபடி நேரம் என்பதால் மீனாவுக்கு அரை நாள்தான் லீவு கிடைத்தது. காலையிலிருந்து கடையில் நின்றவள் நேராக வந்து மேக்கப்புக்கு உட்கார்ந்தாள். பொழுது சாயும்போது கிரேன் மாதிரி ஒன்றை வைத்து ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்கள். பெல்ட் மாட்டினார்கள். ஏற்றி முடித்ததும் கிரேன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. சீரியல் லைட் எரிந்தது. புகை வந்தது.

அடடா... சொல்லக் கூடாது, என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. கடைவீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மொட்டை மாடிகளில் ஆட்கள். ஆயிரம் செல்போன் வெளிச்சம். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கள் வண்டியைப் பார்த்து வாயடைத்து நின்றதை நான் இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் மைக்கைப் பிடித்து விளாசினேன். இங்கே பசி இல்லை, தாகம் இல்லை, நோய் இல்லை, நொடி இல்லை, மூப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை... என்று நானே எழுதிய வசனம். 'முணுமுணுப்பு இல்லை' என்ற இடத்தில் கூட்டம் கை தட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிராக்டர் ஆமை வேகத்தில் போனது. போனது, நின்றது, போனது. முன்னால் ஏதோ ஒரு வண்டியின் தேர்க் குடை கரண்ட் ஒயரில் மாட்டிக்கொண்டதாம். நாங்கள் வெகு நேரம் ஒரே இடத்தில் நின்றோம். கீழே இருந்தவர்கள் கடலை வாங்கித் தின்றார்கள். நான் கூட டிராக்டர் டிரைவரிடம் வாங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டேன். தாகம் இல்லாத உலகத்தைப் பற்றி அத்தனை நேரம் கத்தினால் தொண்டை காயாதா?

ஒருவழியாக வண்டி நகர்ந்து நடுவர் மேடை இருக்கும் திருப்பத்தை நெருங்கியது. அப்போதுதான் மேலே இருந்து குரல் கேட்டது. தேவகன்னி பேசக் கூடாது. என் பெண் பேசினாள்.

"அப்பா... மீனாக்காவுக்குத் தண்ணி வேணும். கால் மரத்துப்போச்சாம். கண்ணை இருட்டுதாம். இறக்கி விடச் சொல்லுங்க."

அண்ணாந்து பார்த்தேன். மீனாவின் முகத்தில் அதே சிரிப்பு. ஒத்திகையில் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் மாலை. ஆனால் அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. பவுடரைத் தாண்டி வியர்வை கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. கீழே இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்காது. ஒரு தாத்தா அவளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் பழனியைப் பார்த்தேன். அவர் வண்டிக்கு முன்னால், வண்டியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருந்தது. இன்னும் ஒரே திருப்பம்தான், மேடை அதோ தெரிகிறது என்று கையைக் காட்டினார். "சாமி, ஒரே ஒரு நிமிசம் பொறுத்துக்கோங்க சாமி" என்று மேலே பார்த்துக் கும்பிட்டார். எங்கள் பக்கத்தில் பெரியவர், சின்னவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அன்று அவர் குரலில் அழுகை இருந்தது. இத்தனை நாள் தொலைத்த தூக்கம், எத்தனையோ வருஷத்து ஏக்கம், எல்லாம் அந்தத் திருப்பத்தில் இருந்தது.

நான் என்ன செய்தேன்? வசனத்தைத் தொடர்ந்தேன். 'தாகம் இல்லை' என்று இன்னொரு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த வரிக்கு நான் வருவதற்குள் கயல் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள்.

பட்டுத்துணி அவிழ்ந்து பஞ்சு மேகத்தின் மேல் விழுந்தது. பின்னால் இருந்த துருப்பிடித்த பைப் ஊருக்கே தெரிந்தது. அவள் அந்தச் சின்னத் தகட்டிலிருந்து குனிந்து, கம்பியைப் பிடித்து, மீனாவின் பைப் பக்கம் எம்பிப் போனாள். விழுந்தால் என்ன ஆகும்? கீழே நின்றவர்களில், காட்சியில் இது ஒரு பகுதி என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். தாங்க முடியாமல் "கயல்..." என்றேன். மைக்கில் ஊருக்கே கேட்டது.

அவள் திரும்பவில்லை. இந்திரனிடம் சொன்னாள். கிரீடத்தைக் கழற்றுங்க பிரகாஷண்ணா, வந்து அக்காவைத் தாங்கிப் பிடிங்க என்று.

பாருங்கள், இந்திர பதவியைப் பற்றிப் புராணத்தில் எத்தனை கதை உண்டு! நாற்காலி போய்விடும் என்று நடுங்கிக்கொண்டே இருப்பவர் இந்திரன். எங்கள் ஆட்டோ பிரகாஷ் ஒரு நொடி யோசிக்கவில்லை. கிரீடத்தைக் கழற்றி யானையின் தந்தத்தில் மாட்டிவிட்டு எழுந்தார். இரண்டு பேருமாக மீனாவைப் பெல்ட்டிலிருந்து விடுவித்து, மெல்ல இறக்கி, சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். அவள் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு அழுதாள்.

அப்போது வண்டி நடுவர் மேடைக்கு நேராக வந்து நின்றிருந்தது.

இமைக்காத கண், வாடாத மாலை, எல்லாம் போச்சு. தேவலோகத்தில் ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி அவளுக்குப் பாதத்தைத் தேய்த்துவிடுகிறாள், இந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விசிறுகிறார். நடுவர்கள் பேனாவைப் பிடித்தபடி முழித்தார்கள். பழனி ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊரே என்னைப் பார்த்தது — மைக் என் கையில்தானே இருந்தது?

எழுதி வைத்திருந்த தாளைப் பையில் போட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. தேவலோகத்துல ஒரு பொண்ணுக்குத் தாகமா இருக்குது. யாராச்சும் கொஞ்சம் தண்ணி கொடுங்க."

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன்? ரோட்டோரம் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா சொம்போடு ஓடி வந்தார். யாரோ தண்ணீர் பாட்டில், யாரோ சோடா, யாரோ நீர்மோர். எல்லாம் கை மாறிக் கை மாறி மேலே போனது. அதில் பாதி பக்கத்துத் தெருக்காரர்களின் கை. மீனா குடித்தாள். பிறகு வெட்கத்தோடு மற்ற தேவர்களும் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். அத்தனை பேருக்கும் தாகம் இருந்திருக்கிறது! ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. தாகம் தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எதற்கும் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

பரிசு? அதெல்லாம் கிடைக்கவில்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை. பக்கத்துத் தெரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல எங்கள் தெரு வழியாகத்தான் போனது.

வீட்டுக்கு வந்ததும் கயலிடம் கேட்டேன். பயமாக இல்லையா என்று. மேலே ஏறினதிலிருந்தே பயம்தான் என்றாள். ஊர் திட்டுமே என்ற பயம்தான் விழுந்துவிடுவோமோ என்பதைவிடப் பெரிதாக இருந்ததாம். மலர் மகளின் காலில் பெல்ட் கொக்கி கிழித்த இடத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, பொண்ணு பாஸ் என்றாள்.

நான் பயந்தது பழனியை நினைத்துத்தான். இரண்டு மூன்று நாள் ஆளையே காணோம். பட்டறைப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று நானும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே வந்தார். காபியை வாங்கிக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுக் கயலைக் கூப்பிட்டார்.

"கண்ணு, எனக்கு உம்மேல நெம்பக் கோவம் இருந்துச்சு. வண்டியப் பிரிக்கறப்பத்தான் பார்த்தேன். மேல ஏத்தறதுக்கு ரோசனை பண்ணுன நானு, ஒருத்தி நடுவுல எறங்கோணும்னா எப்படி எறங்குவான்னு ரோசிக்கவே இல்ல. ஒரு ஏணி கூட வெக்கலை. கதவே வெக்காம லாரிக்கு கேபின் கட்டுன மாதிரி ஆயிப்போச்சு."

முப்பது வருஷமாக அந்தத் தொழிலில் இருப்பவர். எந்த லாரிக்கும் கதவு வைக்க மறந்ததில்லை. தேவலோகத்துக்கு மறந்துவிட்டார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அடுத்த வருஷமும் தேவலோகம்தான், ஆனால் பின்னால் ஏணி இருக்கும், நடு நடுவே மாற்று ஆள் ஏறுவார் என்று சொல்லிவிட்டு, "அப்ப நான் வாரேனுங்க" என்று எழுந்து போனார். கயல் வாசல் வரைக்கும் கூடவே போனாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எங்கே சொர்க்கத்தைக் காட்டினாலும் ஏணியைத் தேடுகிறேன்.

சொர்க்கம் காட்டுகிறவர்களுக்கா நம் ஊரில் பஞ்சம்? சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் ஒரு ஃபர்லாங்குக்கு ஒரு போர்டு. கனவு இல்லம், கனவுப் பள்ளி, கனவு வாழ்க்கை. சத்தமே இல்லாத லேஅவுட். நூற்றுக்கு நூறு வாங்கும் ஹாஸ்டல். சண்டையே வராத கூட்டுக் குடும்பம். எல்லாம் நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை. அங்கே இருக்கும் ஒரு பிள்ளை, ஒரு மருமகள், ஒரு வாட்ச்மேன், "எனக்கு முடியலைங்க" என்று சொன்னால் என்ன நடக்கும்? அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். "சொல்லட்டுமே, என்ன இப்போ?" என்று பதில் வந்தால் தைரியமாகக் குடியேறலாம். "இங்கே அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க" என்று பதில் வந்தால்... செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்துவிடுங்கள்.

என் பெண் பாடத்தில் படித்த வித்தியாசம் எனக்கு இப்படித்தான் புரிந்தது. பசி, தாகம், கண்ணீர் இல்லாத ஊர் எங்கேயும் இல்லை. இருந்ததும் இல்லை. தாகம் என்று சொன்னால் தண்ணீர் வருகிற ஊர் இருக்கிறது. நான் பார்த்தேன். செவ்வாய்ப்பேட்டையில், நடுவர் மேடைக்கு முன்னால்.

மீனா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மறுநாளே கடைக்குப் போய்விட்டாள். தள்ளுபடி முடியும் வரை லீவு எடுக்க முடியாதே. போன புதன்கிழமை மலர் அவள் கடைக்குப் போயிருந்தாள். ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அந்தக் கடையிலும் செக்ஷனுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் எப்போதும் தள்ளுபடி போர்டுதான் உட்கார்ந்திருக்குமாம். மலர் போனபோது போர்டு கீழே இருந்தது. மீனா ஸ்டூலில் இருந்தாள்.

சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்றாராம். போர்டைப் பார்த்தாராம், மீனாவைப் பார்த்தாராம். வேலைக்கே உலை வைத்துவிடுவாரோ என்று மலர் பயந்தாள். மீனா எழுந்திருக்கவில்லை. "காலு வலிக்குதுங்க சார். கஸ்டமர் வந்தா எந்திரிச்சுக்கறேன்" என்று சாதாரணமாகச் சொன்னாளாம். அவர் போர்டை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். இதையே பார்த்துக்கொண்டிருந்த அடுத்த செக்ஷன் பெண், மெல்லத் தன் ஸ்டூலில் இருந்த போர்டையும் இறக்கி வைத்தாளாம்.

அந்தச் சந்தோஷத்தில் மலர் தேவையே இல்லாமல் ஒரு புடவை வாங்கி வந்துவிட்டாள். அந்த வகையில் நஷ்டம் எனக்குத்தான்.

நேற்று சாயங்காலம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் என்னையே உற்று உற்றுப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, சந்தேகத்தோடு கேட்டார். "ஏனுங்க, அன்னைக்கு தேவலோகத்தையே கெடுத்துச்சே ஒரு பொண்ணு, அதோட அப்பா நீங்கதானுங்களே?"

ஆமாங்க. நானேதான்.